முத்திரையின் மேல் குங்குமம்

மிட்சம், லண்டன்
11.1.1993

அன்புள்ள மகள் கிரிஜாவுக்கு,

ஓம், அது நான் வைத்ததுதான். வேறு யாரும் உன் பாஸ்போர்ட்டைத் தொடவில்லை. நீயும் பாஸ்கரனும் சுகம் என்று எழுதியதை முதலில் வாசித்தேன், நாங்களும் உடம்பளவில் சுகம். அதற்குக் கீழே நீ எழுதியிருந்த நாலு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நிரந்தர விசா முத்திரையில் தேதி தெரியவில்லை, சிவப்பாக ஊறியிருக்கிறது, சென்னையில் டிக்கெட் போடுகிறவர் பார்த்துவிட்டு யாரோ திருத்தியிருக்கிறார்கள் என்றாராம்.

திருத்தவில்லை. எண்பத்தொன்பதில் மூன்று பாஸ்போர்ட்டும் தபாலில் திரும்பி வந்த அன்று சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தேன். எல்லோரும் வைப்பதுதான். மற்றவர்கள் அட்டையில் பொட்டு வைப்பார்கள். எனக்கு அட்டை போதவில்லை. ஏழு வருடம் காத்திருந்தது அந்தப் பக்கத்துக்குத்தானே. விரித்து, சந்தனம் குழைத்து, முத்திரையின் மேலேயே வைத்தேன். அதன்மேல் குங்குமம். அப்பா வேலையால் வந்து பார்த்துவிட்டு, "உமக்கென்ன விசரே, இது அரசாங்கப் புத்தகமெல்லே" என்று தன்னுடையதை உடனே துடைத்துக்கொண்டார். உன்னுடையதை நான் ஈரத்தோடு மூடிவிட்டேன்.

நேற்று என்னுடையதைத் திறந்து பார்த்தேன். அதே சிவப்பு. என்னுடையதிலும் தேதி இல்லை. நாலு வருடம் அப்படியே பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

பிள்ளை, கவனமாகக் கேள். அதைத் துடைக்காதே. யாராவது பேனையால் தேதியைத் தெளிவாக்கித் தருகிறேன் என்றால் கையில் கொடாதே, அப்போதுதான் அது உண்மையாகவே திருத்தியதாகும். இரண்டு வருடத்துக்குள் திரும்பாவிட்டால் இந்த விசா செல்லாது என்பது உனக்குத் தெரியும். உன் கலியாணத்துக்கென்று போனாய், பிறகு மாமியாரின் ஆப்பரேஷன், இப்போது மார்ச் மூன்றோடு தவணை முடிகிறது. பாஸ்கரனின் விசாவுக்காகக் காத்திருக்கிறேன் என்று எழுதாதே. அவர் பிறகு வரட்டும். வால்தம்ஸ்டோவில் இருக்கிற குலசேகரம் மாமா தவணைக்கு ஆறு கிழமை பிந்தி வந்து விமான நிலையத்தில் ஒரு பகல் முழுக்க இருந்தார். மரியாதையாகத்தான் விசாரித்தார்களாம். "அவங்கள் மரியாதையாக் கேக்கேக்கதான் எனக்குப் பயம் பிடிச்சது" என்றார்.

அப்பாவுக்குச் சொல்லாமல், விசா விஷயங்களுக்கு ஆலோசனை சொல்லும் இசபெல் என்ற பெண்ணிடம் போனேன். அவள் சிரிக்கவில்லை. நடந்ததை எழுதிக் கையெழுத்து வையுங்கள், உள்துறை அமைச்சுக்கு ஒன்று, மகளின் கையில் ஒன்று என்றாள். என்னுடையதும் இப்படித்தான் என்றேன். அதை எழுதுவதும் விடுவதும் உங்கள் விருப்பம் என்றாள். அந்த விருப்பத்தைத்தான் தாங்க முடியவில்லை. இந்த நாட்டில் எல்லாப் படிவங்களையும் அப்பாதான் நிரப்பினார். அவர் பென்சிலால் புள்ளடி போட்ட இடத்தில் நான் கையெழுத்து வைத்தேன். முதன்முதலாக நானே எழுதப்போவது இது. எழுதினால் என் கோப்பையும் திறப்பார்கள். திறந்தால் என்ன கேட்பார்கள் என்று தெரியாது. கதவுக்குள் தபால் விழுந்தாலே எழுந்து நிற்கிறேன். ஆனால் உன்னுடையது மட்டும் கறையென்றால் யார் நம்புவார்கள்? என்னுடையதைக் காட்டினால்தான் நம்புவார்கள்.

பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வை, சூட்கேசில் வேண்டாம். கேட்டால் நடந்ததை அப்படியே சொல். அம்மா பொட்டு வைத்தவ என்று சொல்ல வெட்கப்படாதே.

பிள்ளையார் துணையிருந்து உன்னை இந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து விடட்டும். பாஸ்கரனுக்கும் எங்கள் ஆசி. டிக்கெட் தேதியை மட்டும் மாற்றிவிடாதே.

அன்புடன் அம்மா,
சிவனேஸ்வரி

பி.கு. செவ்வாய் காலை அப்பாவுக்குச் சொன்னேன். உடனே கோட்டைப் போட்டுக்கொண்டு கூட வந்தார். இரண்டு பாஸ்போர்ட்டைப் பற்றியும் எழுதிக் கையெழுத்து வைத்தேன், உனக்கான பிரதி இதற்குள் இருக்கிறது. என்னுடைய பாஸ்போர்ட்டை அதோடு சேர்த்து உள்துறை அமைச்சுக்கு அனுப்பச் சொல்லி இசபெலிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.