செம்புக் குழாயில் பூத்த பச்சை

இன்று காலை பட்டறை வாசலில் ஒரு ராணுவ லாரி வந்து நின்றது. பெட்ரோல் குழாய் விரிசல் விட்டு வழியெல்லாம் சொட்டியிருக்கிறது. யுத்தம் தொடங்கியதிலிருந்து சேந்தமங்கலத்து பஸ்களெல்லாம் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடுகின்றன. பெட்ரோல் வாசனை எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. குழாயைக் கழற்றியதும் உள்ளே தங்கியிருந்தது முழங்கை வரை வழிந்தது. மதியம் ஜும்மாவுக்குப் போய் ஒளுச் செய்யும்போது மூன்று தடவை தேய்த்துக் கழுவினேன். வாசனை போகவில்லை. தொழுகை வரிசையில் நின்றுகொண்டு உன்னை நினைத்தேன். நீ போய் நான்கு மாதமாகிறது. இன்னும் உன்மேல் எனக்குப் பொறாமை தீரவில்லை என்பது அங்கே நின்றபோதுதான் தெரிந்தது.

அதனால்தான் எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டது ஒன்று இருக்கிறது.

ஊருக்கு முன்னால் நீ எனக்குக் கவுண்டர், நான் உனக்கு ராவுத்தர். பட்டறைக்குள் வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் 'நீ'தான். மலைமேல் இருக்கும் திருப்புலி நாட்டிலிருந்து மிளகு மூட்டையோடு சந்தைக்கு இறங்கி வருவாய். மூட்டையைக் கடையில் போட்டுவிட்டு, பொழுது சாயும்வரை என் பட்டறையில் எஞ்சின்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். முந்தைய யுத்தத்தில் பட்டாளத்துக் கூலியாட்களோடு பாஸ்ராவுக்குப் போய், அங்கே விமானக் கொட்டகையில் இரண்டு வருஷம் எடுபிடி வேலை செய்தவன் நீ. ஒரு வெள்ளைக்காரன் உன்னை இரண்டு தடவை மேலே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். நான் அதுவரை திருச்சியைத் தாண்டியதில்லை. நீ பாஸ்ராவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கையில் இருக்கும் ஸ்பேனரை நான் கொஞ்சம் பலமாக வைப்பேன். நீ கவனித்ததில்லை.

"ஏப்பா, நாம ஒண்ணு செய்யலாமா?" என்று நீ கேட்ட நாள் நினைவிருக்கிறது. ஏதோ ஒரு பத்திரிகையின் படத்தை மடித்து மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாய். ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன விமானம். சீமையில் வீட்டுக் கொட்டகையிலேயே செய்கிறார்களாம். மோட்டார் சைக்கிள் எஞ்சின் போதுமாம்.

காப்பித் தோட்டத்துக்காரர் ஒருவர் கைவிட்ட மோட்டார் சைக்கிளின் எஞ்சினை நான் இரண்டு மாதம் உட்கார்ந்து உயிர்ப்பித்தேன். மலைக்கு ரோடு கிடையாது. நான்கு ஆள் மூங்கிலில் கட்டித் தோளில் சுமந்து ஏற்றினார்கள். உன் நிலத்துக்கு மேலே, மாடு மேயும் அந்த நீளமான மேட்டில் கொட்டகை போட்டாய். சட்டத்தை நீயே இழைத்தாய், விசிறியை நீயே செதுக்கினாய். துணியைத் தைத்து, வடிகஞ்சி தடவி, காயவைத்து, வார்னிஷ் பூசியது உன் வீட்டுக்காரி. எஞ்சினும் பெட்ரோலும் மட்டும் என் வேலை. மலையில் தூரத்துப் பைல் நாட்டிலிருந்துகூட ஆட்கள் நடந்து வந்து பார்த்தார்கள். "கவுண்டரு ஏரோப்ளான்" என்றார்கள். எஞ்சின் யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மலையிறங்குவேன். பாதி இறக்கத்தில் கால் வலிப்பதற்கு முன்னால் நெஞ்சு வலிக்கும்.

கடைசியாக மிச்சமிருந்தது பெட்ரோல் குழாய். டாங்கியிலிருந்து கார்புரேட்டருக்கு இரண்டு முழ நீளம்கூட இல்லை. அந்த இரண்டு முழத்தில்தான் எல்லாம் கெட்டது.

அன்று கொட்டகையில் சேலத்து மோட்டார்காரர் ஒருவரும் இருந்தார். காப்பித் தோட்டத்துக்கு வந்தவர், விமானத்தைக் கேள்விப்பட்டு எட்டிப் பார்த்தார். கையில் தங்கக் கெடிகாரம். வந்த அரை மணியில் நீ அவரை "சார், சார்" என்றாய்.

செம்புக் குழாய் போடலாம் என்றேன் நான். உன் முகம் சுருங்கியது.

"பாஸ்ராவுல என் கண்ணு முன்னால ஒண்ணு எரிஞ்சுதப்பா. அதுவும் செம்புதான். எஞ்சின் குலுக்கற குலுக்குல, மூட்டுப் பத்தவெச்ச எடத்துல வெடிச்சு, சூட்டுமேல சொட்டிப் பத்திக்கிச்சு. உள்ள இருந்தவன் கத்துனது இன்னும் காதுல இருக்குது."

"ஈயம் வெச்சுப் பத்தவெச்சா வெடிக்கத்தான் செய்யும். நான் பித்தளை வெச்சு ஊதித் தாரேன். குழாயச் செவக்கக் காச்சித் தண்ணியில போட்டா வாழநார் மாதிரி வளையும். எஞ்சினுக்குக் கிட்ட ஒரு சுத்து சுத்தி உட்டுட்டா, குலுக்கலெல்லாம் அந்தச் சுத்தோட போயிரும்."

சேலத்துக்காரர் சிரித்தார். "எதுக்குங்க இவ்வளவு பாடு? ரப்பர் குழாய் போடுங்க. எவ்வளவு குலுக்குனாலும் வெடிக்காது. என்கிட்டயே இருக்குது, நாளைக்கு ஆள்கிட்டக் குடுத்தனுப்பறேன்."

"ரப்பருக்குப் பெட்ரோல் ஆகாதுங்க" என்றேன்.

அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். "ராவுத்தரு பஸ்ஸுக்கு வேல பாக்கறவருங்க சார். பஸ்ஸு நின்னா எறங்கித் தள்ளிக்கலாம். மேல போயி நின்னா யாரு தள்ளுறது?"

கொட்டகையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். எனக்கும் அது தெரியும். நானும் சிரித்தேன்.

சிவப்பு ரப்பர் குழாயை நீயே மாட்டினாய். அளவு போக மிஞ்சிய விரல் நீளத் துண்டை எடுத்துக்கொண்டு வந்து, பட்டறையில் ஒரு புட்டியில் பெட்ரோல் ஊற்றி அதில் போட்டு வைத்தேன். மூன்றாம் நாள் ஊதிப் பருத்தது. பத்தாம் நாள் குச்சியால் தொட்டேன். உள்பக்கம் நனைந்த ரொட்டி போலப் பிய்ந்து வந்தது. பெட்ரோலின் அடியில் சிவப்பாகத் துகள் படிந்திருந்தது. கார்புரேட்டரின் ஊசிக்கண் துளைக்கு அதில் ஒரு துகள் போதும்.

அந்த வாரச் சந்தைக்கு நீ வந்தாய். "வர்ற வெள்ளிக்கு மறுநாள் பறக்கப்போறேன். விடியறதுக்குள்ள மேல வந்துரோணும்" என்றாய். புட்டி எனக்குப் பின்னால் பலகையில் இருந்தது. நான் கொஞ்சம் நகர்ந்து அதை மறைத்துக்கொண்டேன்.

"ஏன்யா, மொகம் ஒரு மாதிரி இருக்குது?"

"ஒண்ணுமில்ல. தூக்கம் பத்தல."

நீ விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அல்லா அறிவான். என் கணக்கு வேறு. எஞ்சின் தரையிலேயே இருமி நின்றுவிடும். அத்தனை கூட்டத்துக்கும் முன்னால் நீ திகைத்து நிற்பாய். அப்போது நான் பையிலிருந்து செம்புக் குழாயை எடுப்பேன். ஒரே நாளில் மாட்டி ஓட்டிக் காட்டுவேன். எல்லாரும் "ராவுத்தர்" என்பார்கள். அதற்காகக் குழாயைக் காய்ச்சி, சுற்று வளைத்து, முனைகளில் பித்தளை ஊதி, துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு மலையேறினேன்.

எஞ்சின் தரையில் இருமவில்லை. நான் உழைத்த உழைப்புக்கு அழகாக ஓடியது. வாயைத் திறக்க எனக்கு அப்போதும் நேரம் இருந்தது. நீ ஏறி உட்கார்ந்து, துணிக் குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். மேட்டில் ஓடி, எழும்பி, ஒரு பலாமர உயரம் போனாய். கூட்டம் கூச்சல் போட்டது. பத்து மூச்சு விடும் நேரம்கூட இருக்காது, சத்தம் நின்றுவிட்டது. கீழே கேழ்வரகு வயலில் சக்கரம் வரப்பில் மோதி, இறக்கை ஒடிந்து, எல்லாம் உன் வலது காலின்மேல் குவிந்தது.

உன்னைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள். நான் மட்டும் பின்தங்கி கார்புரேட்டரைத் திறந்தேன். சிவப்புத் துகள். அதைத் துடைத்து என் வேட்டி முனையில் முடிந்துகொண்டேன். இப்படியும் ஒருவன்.

அன்று உன் வீட்டுக்காரி எனக்குத் தண்ணீர் கொடுத்தபடி கேட்டாள்: "ஏனுங்கண்ணா, உங்ககிட்டக் கேக்காமயா அவரு குழாயப் போட்டாரு?" உள்ளே நீ வலியில் கத்திக்கொண்டிருந்தாய். நான் தண்ணீரைக் குடித்தேன்.

எலும்பு கட்டுகிறவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கால் கூடியது. ஆனால் கணுக்காலுக்குக் கீழே கட்டைபோல விறைத்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து நான் மேலே வந்தபோது நீ உடைந்த இறக்கையைச் சீர்செய்துகொண்டிருந்தாய். சேலத்துக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "செம்பையே போட்டுரலாம்யா. நீ சொன்னதுதான் சரி" என்றாய். நான் எத்தனை நாள் ஏங்கிய சொல் அது! பையிலிருந்து குழாயை எடுத்துக் கொடுத்தேன்.

நீ அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாய். சுற்றைத் தடவினாய். பற்றுவைத்த முனையை நகத்தால் சுரண்டினாய்.

"இது இப்ப வளைச்சது இல்லையே. பச்சை பூத்திருக்குது."

நான் ஸ்பேனரைத் தேடுவதுபோலக் குனிந்தேன்.

"அன்னைக்கே பையில இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ரப்பரு கரையும்னு தெரியுமா?"

"புட்டியில போட்டுப் பாத்தேன்."

நீ குழாயை மடியில் வைத்துக்கொண்டு வயலைப் பார்த்தாய். அடித்துவிடுவாய் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில் கேட்டாய்: "நான் அன்னைக்கு அப்படிப் பேசாம இருந்திருந்தா சொல்லியிருப்பியா?"

"தெரியல" என்றேன். அதுவும் உண்மைதான்.

"சரி, மாட்டு. இந்தக் காலோட திருப்பற கட்டைய என்னால மிதிக்க முடியாது. நீ ஏறு."

எனக்குத் தண்டனை கொடுக்கிறாய் என்றுதான் நினைத்தேன். பதினைந்து நாள் அந்த மேட்டில் என்னை உட்காரவைத்து, தரையிலேயே ஓட்டவைத்து, வால் எப்போது எழும், மேலே தூக்கும் கம்பியை எப்போது இழுக்க வேண்டும் என்று கம்பை ஊன்றிக்கொண்டு பக்கத்திலேயே நொண்டிக்கொண்டு வந்தாய். "மெதுவா சாமி, மெதுவா" என்று மாட்டை அதட்டுவதுபோல எஞ்சினிடம் பேசுவாய். ஒவ்வொரு நாளும் குழாயின் முனையைத் தடவி ஈரம் இருக்கிறதா என்று நீதான் பார்த்தாய். ஒரு நாளும் இல்லை.

காற்று அடங்கிய ஒரு தை மாதக் காலையில் நான் பறந்தேன். மேட்டின் கடைசி வரை நேராகப் போய், மலை கீழே நழுவியதும் பயந்து திருப்பி, உன் நிலத்துக்கு மேலாகவே வந்து தடாலென்று இறங்கினேன். ஒரு சக்கரம் மட்டும் வளைந்தது. நீ மூச்சிரைக்க வந்து சேர்ந்தாய்.

"எப்படி இருந்துச்சு?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? நினைவிருக்கும் உனக்கு. "என்னமோ போ. காது பூரா சத்தந்தான். கண்ணுல காத்தடிச்சு ஒண்ணுந் தெரியல."

உன் முகம் வாடியது. "அப்படித்தான் இருக்கும்" என்றாய். அதன் பிறகு ஒரு நாளும் நீ கேட்கவில்லை. பொய் சொன்னேன். உன்னிடம் பாஸ்ரா இருந்தது, நிலம் இருந்தது, விமானம் செய்தவன் என்ற பெயர் இருந்தது. உன்னிடம் இல்லாத ஒரே ஒரு பொருளாக, உன் நிலத்தை மேலிருந்து பார்த்த காட்சி எனக்குக் கிடைத்திருந்தது. அதைப் பங்குபோட எனக்கு மனம் வரவில்லை.

அந்த மழைக்காலத்தில் கறையான் இறக்கையைத் தின்றது. எஞ்சின் மாவு மில்லுக்குப் போனது. போன ஐப்பசியில் உனக்கு மலைக்காய்ச்சல் கண்டு நீ போய்விட்ட சேதி, எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் வந்தது.

துக்கம் கேட்க வந்தபோது உன் வீட்டுக்காரி சொன்னாள்: "மேல இருந்து பாத்தா நம்ம ஊடு எப்படித் தெரியும், வயலெல்லாம் எப்படிப் படிப்படியா தெரியும்னு புள்ளைங்களுக்குச் சொல்லிக்கிட்டே இருப்பாருங்கண்ணா." சொல்லியும் காட்டினாள். ஒன்றுகூடத் தப்பில்லை. நம் மலைக்கு மேலே பத்து மூச்சுதான் நீ இருந்தாய். ஆனால் நான் ஒளித்துவைத்த எல்லாமே உன்னிடம் ஏற்கெனவே இருந்திருக்கிறது. கூரை சின்னத் தட்டுப்போலத் தெரிவது, வரப்புகள் கோலமிட்டதுபோல நெளிவது, இறக்கையின் நிழல் வயல்மேல் ஓடுவது. மலையிறங்கி வரும்போது, செத்துப்போனவன்மேல் எனக்கு அப்படியொரு பொறாமை.

ஆனால் ஒன்றை நீ சொல்லியிருக்க முடியாது. அதை நான்தான் பார்த்தேன்.

அன்று பறந்து திரும்பி வந்தபோது கீழே நீ ஓடிக்கொண்டிருந்தாய். கம்பைத் தூக்கி எறிந்துவிட்டாய். கட்டைக் காலை இழுத்து இழுத்து, வரப்பில் இடறி விழுந்து, எழுந்து, மறுபடியும் ஓடினாய். தலைத்துண்டு அவிழ்ந்து தோளில் கிடந்தது. இரண்டு கையையும் மேலே நீட்டியிருந்தாய். என் நிழல் உன்மேல் ஏறிக் கடந்தபோது அண்ணாந்து பார்த்தாய். வாய் திறந்திருந்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் உன் முகம் தெரிந்தது. அதில் கோபம் இல்லை, ஏக்கம் இல்லை. நீயே மேலே இருப்பதுபோல அவ்வளவு சந்தோஷம்.

உன் காலை ஒடித்தவனைப் பார்த்து நீ அப்படிச் சிரித்தாய். நானாக இருந்தால் அப்படி ஓடி வந்திருக்க மாட்டேன். எஞ்சின் நிற்கட்டும் என்று எங்கோ ஓர் ஓரத்தில் நினைத்திருப்பேன். ஆகாயத்தில் உட்கார்ந்துகொண்டு, கீழே நொண்டி ஓடும் உன்னைப் பார்த்துத்தான் நான் என் வாழ்நாளிலேயே அதிகமாகப் பொறாமைப்பட்டேன். இன்றைக்கும் அதே அளவுக்குப் படுகிறேன்.

எப்படி இருந்தது என்று கேட்டாயே, இப்படித்தான் இருந்தது.