யார் போட்ட மெழுகு

ஜூன் 2, ஞாயிறு

வழக்கம்போல் கீழே போய்க் காரை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். பானெட்டின் நட்டநடுவில் காக்கா எச்சம், அளந்து வைத்தது போல. துடைத்த பிறகும் கருநீலத்தில் ஒரு வெளிறிய வட்டம் தங்கிவிட்டது. எச்சம் பெயிண்டைத் தின்றுவிடும் என்று என் கணவர் சொல்லிச் சொல்லியே என் காது புளித்துப்போயிருக்கிறது. இப்போது சொல்ல ஆளில்லை. காக்காவுக்கு ஏகப்பட்ட தைரியம்.

அவர் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இறந்துவிட்டார் என்று எழுத முடியாது, எனக்கே தெரியாது. ஒரு நாள் காலையில் கார் சாவியை ஆணியில் மாட்டினார், செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து போனார். திரும்பவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் உட்கார நாற்காலி போடுகிறார்கள். விசாரணையில் அவ்வளவுதான் முன்னேற்றம்.

கார் அவர் பெயரில் இருக்கிறது, விற்க முடியாது. முடிந்தாலும் அத்தை விடமாட்டார். "என் புள்ள வந்து கார் எங்கன்னு கேட்டா என்னம்மா சொல்லுவே?" என்பார். அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிக் கிடக்கிறது. ஆபரேஷன் என்றாலும் அதே பாட்டு: "அவன் வந்து கூட்டிட்டுப் போகட்டும்." ஆக, மகன் வரும்வரை அம்மா கண்ணும் இருட்டு, காரும் ஓடாது. நடுவில் நான் ஒருத்தி.

இந்தப் பெயிண்டையாவது காப்பாற்றலாம். நீண்ட நாள் தாங்குகிற எதையாவது ஒரு தடவை பூசிவிட்டு மறந்துவிட வேண்டும்.

ஜூன் 5

என் பிழைப்பே மெழுகில்தான். பல் செட் செய்கிற லேபில் நாள் முழுக்க மெழுகை உருக்கி ஈறு வடிக்கிறேன். அதனால் மெழுகை நான் நம்புவதில்லை. கொஞ்சம் சூடு காட்டினால் போதும், ஆளே மாறிவிடும்.

இன்று அரை நாள் லீவு போட்டு, காரைக் கழுவுகிற கடைக்கு ஓட்டிப் போனேன். கடைக்காரரை எல்லோரும் 'பளபள' என்றே கூப்பிடுகிறார்கள். தொழிலாலா, தலையாலா தெரியவில்லை.

"மூணு வகை இருக்கு மேடம். வாக்ஸ் போட்டா அன்னைக்குப் பார்க்க அம்சமா இருக்கும், ரெண்டு மூணு மாசத்துல போயிரும். சீலன்ட் மினுக்கு கொஞ்சம் கம்மி, ஆனா ஒரு வருஷம் வரைக்கும் இழுக்கும். செராமிக் கோட்டிங்னா அஞ்சு வருஷம். யாரும் கையே வைக்க வேணாம், தண்ணி ஊத்தினா போதும்." மூன்றாவதைச் சொல்லும்போது முகமெல்லாம் விளக்கு எரிந்தது.

ஒரு மக்கில் தண்ணீர் எடுத்துப் பானெட்டில் தெளித்தார். சொட்டுகள் குண்டு குண்டாக எழுந்து நின்றன. அவர் முகத்தில் இருந்த விளக்கு அணைந்துவிட்டது.

"ஏன் மேடம், போன மாசம்தானே வாக்ஸ் போட்டிருக்கீங்க? அதுக்குள்ள எதுக்கு?"

"நான் போடலையே."

"யாரோ போட்டிருக்காங்க. ஒண்ணுமே போடாத பெயிண்ட்ல தண்ணி பரவிப் படுத்துரும். இது எழுந்து உட்கார்ந்திருக்கு பாருங்க."

அத்தையாகத்தான் இருக்கும். சாயங்காலம் கீழே நடக்கப் போகும்போது தடவிக்கொடுத்துவிட்டு வருவார். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு! பாவமாக இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

ஜூன் 6

அத்தையிடம் கேட்டேன். சிரித்துவிட்டார்.

"நானா? குனிஞ்சா நிமிர முடியலை, நான் எங்க வாக்ஸ் போடறது? நீ போடறேன்னு நினைச்சேன். தொட்டுப் பார்த்தா வழுவழுன்னு இருக்கும். பரவாயில்லையே, என் புள்ள மேல இவளுக்கு இன்னும் பாசம் இருக்குன்னு மனசுக்குள்ள சந்தோஷப்பட்டுக்குவேன்."

ஒன்றரை வருடம் நிற்கிற காரில் ஏன் இவ்வளவு கொஞ்சமாகத் தூசி என்று நான் கேட்டுக்கொண்டதே இல்லை. அத்தை துடைக்கிறார் என்று இருந்தேன். நான் துடைக்கிறேன் என்று அத்தை இருந்தார். ஒருவருக்கொருவர் வாய் திறந்து சொல்லாமல் நன்றியோடு இருந்திருக்கிறோம்.

அலமாரியில் அவருடைய பழைய வாக்ஸ் டப்பாவைத் திறந்து பார்த்தேன். காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. யாரும் தொடவில்லை.

அப்படியானால் யார்?

ஜூன் 7

ஸ்கூட்டரை நிறுத்தும்போது கார் பக்கம் திரும்பாமல் படியேறினேன். முதுகு கூசியது.

ஜூன் 9

மனசு கேட்கவில்லை. மறுபடி பளபளவிடம் ஓட்டிப் போனேன். அவர் ஷட்டரை இறக்கி, கையில் ஒரு விளக்கைப் பிடித்து, பெயிண்டின் மேல் சாய்வாகக் காட்டிக்கொண்டே காரைச் சுற்றி வந்தார். ஒரு சுற்று முடிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது கடைக்காரன் கை இல்ல மேடம். நாங்கல்லாம் வட்டமா சுத்துவோம். இது நேர் கோடு, மூக்குலேர்ந்து வால் வரைக்கும். கதவுக் கைப்பிடிக்குப் பின்னாடி விரல் விட்டுப் பாருங்க, காய்ஞ்ச வாக்ஸ் துளி வெள்ளையா நிக்கலை. சொந்த வண்டின்னாதான் இப்படிப் பார்ப்பாங்க."

நேர் கோடாகத் தேய்க்கிற ஒரே ஓர் ஆளை எனக்குத் தெரியும். வட்டமாகத் தேய்த்தால் வெயிலில் சிலந்தி வலை மாதிரி தெரியும் என்று கல்யாணமான புதிதில் எனக்குப் பாடம் எடுத்தவர்.

"எல்லாத்தையும் உரிச்சு எடுத்துருங்க" என்றேன்.

"எடுத்துட்டு எதைப் போடட்டும்? சீலன்ட்டா, கோட்டிங்கா?"

"ஒண்ணும் போடாதீங்க. வெறும் பெயிண்டா விடுங்க."

விளக்கை என் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பார்த்தார். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். ஆகித்தான் இருக்கிறது.

ஜூன் 10

ஒரு மக் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். பரவிப் படுத்துக்கொண்டது. காரைத் தொட்டால் சொரசொரவென்று இருக்கிறது.

ஜூன் 14

மழை. தண்ணீர் படுத்தேதான் இருக்கிறது. நிம்மதியா, ஏமாற்றமா? இரண்டும்தான். எதற்கு ஏமாற்றம் என்று கேட்டுக்கொள்வதற்குள் தூங்கிவிடலாம்.

ஜூன் 19

லேபிலிருந்து வரும்போது நல்ல தூறல். பார்க்கிங்கின் திறந்த பக்கத்தில் சாரல் அடித்து, காரின் மேலெல்லாம் சொட்டுகள்.

எழுந்து உட்கார்ந்திருக்கின்றன. பானெட், கூரை, நாலு கதவு, எல்லா இடத்திலும். ஆயிரம் கண் விழித்து என்னையே பார்ப்பது போல.

கைப்பிடிக்குப் பின்னால் விரலை விட்டேன். சுத்தமாக இருந்தது. விரலில் அந்த வாசனை. எங்கள் பழைய ஞாயிற்றுக்கிழமைகளின் வாசனை. படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 20

வாட்ச்மேனிடம் கேட்டேன். இவர் வேலைக்குச் சேர்ந்ததே அவர் போன பிறகுதான், அவரைப் பார்த்ததில்லை.

"கார் துடைக்க வர்ற ஆளுதானே? நீங்க வெச்ச ஆளுன்னு நினைச்சேன் மேடம். வியாழக்கிழமையில வருவாரு. போன வாரம் வரலை. இந்த வாரம் முன்னாடியே வந்துட்டாரு, இன்னைக்கு வரலை. நீங்க வேலைக்குக் கிளம்பினப்புறம், மாடியில எல்லாரும் போனப்புறம்தான் வருவாரு. அவர் பாட்டுக்குத் தேய்ப்பாரு, போயிருவாரு."

முகம் எப்படி இருக்கும் என்றேன்.

"எங்க பார்த்தேன், குனிஞ்சேதானே இருப்பாரு. தாடி இருக்கு. அதிகம் பேச மாட்டாரு. ஒரே ஒரு தடவை கேட்டாரு, மேல பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிடுச்சான்னு. எனக்குத் தெரியாதேன்னேன். சரின்னுட்டுத் தேய்க்க ஆரம்பிச்சுட்டாரு."

அவர் இருந்தபோதே டாக்டர் சொன்ன ஆபரேஷன் அது, இந்த வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

ஜூன் 27

இன்று வேலைக்குக் கிளம்புவது போலவே கிளம்பினேன். ஸ்கூட்டரை அடுத்த தெருவில் விட்டுவிட்டுப் பின் கேட் வழியாக வந்தேன். வாட்ச்மேன் ஒன்றும் கேட்கவில்லை. காரில் ஏறி, பின் சீட்டில் படுத்துக்கொண்டேன். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம், அவரே ஒட்டியது. உள்ளே இருப்பவர்கள் வெளியே தெரியமாட்டார்கள்.

முதலில் செருப்புச் சத்தம். அப்புறம் வாளி வைக்கிற சத்தம். அப்புறம் தலைக்கு மேலே, கூரையில், துணி. ஒரு கோடு போகிறது, ஒரு கோடு வருகிறது. கார் மிக லேசாக ஆடியது, தொட்டில் மாதிரி.

கூரை முடிந்து கதவுக்கு வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டை. ஒரு கை. நான் பன்னிரண்டு வருடம் சோறு போட்ட கை, எனக்குத் தெரியாதா? பெருவிரல் நகத்தில் அந்தப் பிளவு அப்படியே இருக்கிறது. குனிந்து, பெயிண்டின் மேல் "ஹா" என்று ஊதி, ஆவி மறைவதற்குள் துடைத்தார். முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். தாடி நரைத்திருக்கிறது. உள்ளே பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் பெயிண்டை.

கதவைத் திறக்க ஒரு விரல் போதும். கைப்பிடியின் மேல் கையை வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுக்காகக் காத்திருந்தேன். ஒரு தடவை தலையைத் தூக்கி மாடியைப் பார்க்கட்டும், திறந்துவிடலாம் என்று.

பார்க்கவில்லை. எல்லாக் கதவையும் முடித்தார், பின்னால் போய் நம்பர் பிளேட்டைத் துடைத்தார், வாளியை எடுத்துக்கொண்டார். செருப்புச் சத்தம் கேட் வரை போய் நின்றுவிட்டது.

நான் எழுந்திருக்க வெகு நேரம் ஆனது.

ஜூன் 28

பேயா இருந்தாக்கூட மேல வந்து ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கும்.

உசுரோட இருக்கான். நல்லா இருக்கான். இதே ஊர்ல இருக்கான். பெத்தவ கண்ணு தெரியாம சுவரைத் தடவிக்கிட்டு நடக்கிறா, இவன் கார் கண்ணாடியைத் துடைக்கிறான். நான் யாரு? எச்சம் துடைக்க விட்டுட்டுப் போன ஆளா? என்ன குறை வெச்சேன்— இல்லை, கேட்க மாட்டேன். ஒன்றரை வருஷமா இதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கேன். போதும்.

ஜூன் 30

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். இன்று சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். எதையும் மறைக்கவில்லை. பின் சீட்டில் படுத்திருந்ததையும் சொன்னேன், அவர் வாட்ச்மேனிடம் கண் ஆபரேஷன் பற்றிக் கேட்டதையும் சொன்னேன்.

அழுவார் என்று நினைத்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"உசுரோட இருக்கானா?"

"இருக்கார் அத்தை."

"மாடிப்படி வரைக்கும் வந்தானா?"

"இல்ல."

"ஒரு தடவைகூடவா?"

அத்தை தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கை கழுவப் போனார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. போய் மூடினேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அந்தக் கடைக்காரன் என்னமோ சொன்னானே, அஞ்சு வருஷத்துக்கு யாரும் கை வைக்க வேணாம்னு. அதையே போடச் சொல்லு."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அத்தை என் தலையில் கை வைத்தார், கை ஈரமாக இருந்தது.

ஜூலை 4

கோட்டிங் முடிந்தது. பளபள இரண்டு நாள் கடைக்குள்ளேயே பூட்டி வைத்து, பழையதை மறுபடி உரித்து, காக்கா வட்டத்தையும் பாலிஷ் பிடித்து எடுத்துவிட்டுப் பூசியிருக்கிறார். சொட்டு நிற்பதில்லை. விழுந்த கையோடு ஓடிவிடுகிறது.

"ஒண்ணு மட்டும் மேடம். இதுக்கு மேல யாரையும் வாக்ஸ் போட விடாதீங்க. போட்டா இதோட குணம் போயிரும்."

யாரும் போடமாட்டார்கள் என்றேன். பகலில் காரை வீட்டுப் பார்க்கிங்கில் விடுவதில்லை, லேப் வாசலில் நிறுத்திக்கொள்கிறேன். நேற்றிலிருந்து காரில்தான் வேலைக்குப் போகிறேன். முதல் நாள் வேலை நேர நெரிசலில் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்ததில் தோள்பட்டை கழன்றுவிட்டது.

ஜூலை 11, வியாழன்

அத்தைக்கு ஒரு கண் ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் எவ்வளவோ சொல்லியும் மயக்க ஊசி போடும்வரை என் கையை விடவில்லை.

ஜூலை 18, வியாழன்

லீவு போட்டிருந்தேன். காலையில் அத்தையைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு மத்தியானம் திரும்பினோம். கண் நன்றாகத் தெரிகிறதாம். வழி நெடுக கடைப் பெயர்ப்பலகையை எல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். என் முகத்தையும் பார்த்து, "என்னம்மா இப்படி இளைச்சுட்டே" என்றார்.

கேட்டில் வாட்ச்மேன் ஓடி வந்தார். "அந்த ஆளு வந்தாரு மேடம். ரெண்டு வாரமா வெறும் இடத்தைப் பார்த்துட்டுப் போனவரு, இன்னைக்கு வண்டி எங்கன்னு கேட்டாரு. பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிடுச்சு, மருமகளே ஓட்டிட்டுப் போயிருக்காங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்னுக்கிட்டு இருந்தாரு."

எங்கள் இடத்தில், காலித் தரையின் நடுவில், மடித்த மஞ்சள் துணி ஒன்று. அதன் மேல் ஒரு வட்ட வாக்ஸ் டப்பா. நான் பிரேக்கை அழுத்தினேன். அத்தை கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அவன் வெச்சதா?"

"ஆமா அத்தை. இறங்கி எடுத்து வைக்கட்டுமா?"

வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சரிப்படுத்தின கண்ணால் முதல் தடவையாக மகன் வைத்துவிட்டுப் போனதைப் பார்க்கிறார். அப்புறம் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"வேணாம். வண்டியை நிறுத்தும்மா, பசிக்குது."

பின்பக்கமாக எங்கள் இடத்துக்குள் எடுத்தேன். சக்கரத்துக்கு அடியில் டப்பா நெளிகிற சத்தம் கேட்டது. அத்தை சீட் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.