ஓவனில் காய்ந்த நிலக்கரி

எமலாஹ்லேனி
நவம்பர் 14

அன்புள்ள நோசிபோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பளவில் நானும் அப்பாவும் நலம், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. டப்ளின் குளிரில் உன் இருமல் குறைந்ததா? ஒரு சின்ன விஷயத்துக்காக அம்மா குடும்பத்தைத் தெருவில் நிறுத்துகிறாள் என்று அப்பா போனில் சொன்னதாக எழுதியிருந்தாய். நடந்ததை என்னிடமும் கேள்.

போன வியாழன் சர்ச் பெண்கள் கூட்டத்துக்கு விடியற்காலையில் ஸ்கோன் சுட்டு வைத்திருந்தேன். சாயங்காலம் மஹ்லாங்கு அம்மா ஒரு கடி கடித்துவிட்டு, "ஏன் டுடு, ரயில் எஞ்சின்லயா சுட்டே?" என்று கேட்க எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து ஓவனின் அடித்தட்டை இழுத்தால் கறுப்புத் தூள், தார் நாற்றம். அப்பா வேலை பார்க்கும் கரி யார்டிலிருந்து மாதிரிப் பையை, தரம் பார்க்கும் எங்கள் லேபில் சேர்ப்பது அவர் பொறுப்பு, உனக்குத் தெரியும். முந்தின நாள் நான் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்த நேரத்தில் பையைப் பிரித்து, நாம் ரொட்டி சுடும் ஓவனில் கரியை உலர்த்தியிருக்கிறார். மூன்று நாள் மழையில் யார்டே சேறாகக் கிடந்தது, ஈரக் கரி தரத்தில் தேறாது. வியாழன் பகலில் லேபில் அந்தக் கரியில் ஒரு கிராமைப் பொடித்து, ஆக்சிஜனோடு இரும்புக் குடுவையில் அடைத்து, தண்ணீருக்குள் வைத்துப் பற்றவைத்தவள் நான்தான். தண்ணீர் சூடேறிய அளவைப் பார்த்து, இவ்வளவு நல்ல கரியா என்று வியந்தவளும் நான்தான்.

கேட்டதும் அவர் மறைக்கவில்லை. "தண்ணியத்தானே எடுத்தேன்? ஒரு கல்லக்கூட மாத்தலையே" என்றார். லாரியில் இருக்கும் தண்ணீரை யார் எடுப்பார்கள் என்று கேட்டேன். அந்த லாரிகள் எங்கள் லேப் சான்றை நம்பி ஆஸ்பத்திரிக் கொதிகலனுக்குப் போகிறவை. போன மாதம் பிரசவ வார்டில் வெந்நீர் வரவில்லை என்று ஊரே பேசியபோது, என் எதிரில் உட்கார்ந்து பாப் களியைத் தின்றுகொண்டே கொதிகலன் ஆட்களைச் சோம்பேறிகள் என்று திட்டியவர் இவர். அதை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

என் மீதும்தான். மழைக்காலத்திலும் அவர் யார்டு கரி மட்டும் காய்ந்து வந்தது, தார்ப்பாய் போட்டு மூடுகிறார் என்று லேபில் பெருமையடித்துக்கொண்டேன். பழைய பதிவுகளைப் புரட்டினேன். மார்ச்சிலிருந்து இதே போலக் காய்ந்து வந்த மாதிரிகள் ஏழு, ஏழிலும் என் கையெழுத்து. லேப் தலைவர் மொலேஃபி இரக்கப்பட்டு, "இந்த ஒண்ண மட்டும் ரத்து பண்ணிடலாம் சிஸ்டர், பழசெல்லாம் எரிஞ்சு சாம்பலாயாச்சு" என்றார். நான் இதோடு எட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டேன், ஓவன் என் வீட்டுடையது என்பதையும் சேர்த்து. திங்கட்கிழமை விசாரணை. இரண்டு பேர் வேலையும் போகலாம். அப்பா நான் சமைத்ததைச் சாப்பிடுகிறார், நான் துவைத்த சட்டையைப் போடுகிறார், முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.

இருமலோடு நைட் டியூட்டிக்குப் போகாதே, கம்பளி மேலாடையைக் கழற்றாதே. கடவுள் உன்னை நோய்நொடி இல்லாமல், யாருக்கும் கண்ணைத் தாழ்த்தாமல் வாழவைக்கட்டும். ஒன்றை மறக்காதே. அப்பா கூப்பிட்டால் எடு, சாப்பிட்டாரா என்று கேள். எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கும்படி என்னிடம் சொல்லச் சொல்வார், அதற்கு மட்டும் சம்மதிக்காதே. நீ கேட்டால் நான் திரும்ப வாங்கிவிடுவேன்.

உன் அம்மா,
டுடுசிலே