நான் எழுதிய, ஷாமினி பேசிய வீடியோ

ஜூன் 8, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. பஸ்ஸுக்கு நின்ற அரை மணி நேரத்தில் தலை முழுக்கப் புழுதி.

வீடியோ வந்துவிட்டது. நாலரை நிமிடம். ஆஸ்பத்திரியின் சின்ன அறையில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். ஆய்வை நடத்தும் டொக்டர் சேர் சிங்களத்தில் மூன்று தடவை அருமை என்றார். ஷாமினியைப் பார்த்து.

எழுதியது நான். பதினோரு தடவை திருத்தி எழுதினேன். கடைசியில் ஓடும் பெயர்களில் நான் நாலாவது. 'மொழி உதவி'.

ஏப்ரலில் இரண்டு பேரையும் நிற்கவைத்துப் படம் பிடித்துப் பார்த்தார்கள். என் முகத்துக்கு வெளிச்சம் எட்டவில்லை என்றான் கெமராக்காரன். பிறந்ததிலிருந்து வெயிலில்தான் இருக்கிறேன், இன்னும் எட்டவில்லையாம். ஷாமினிக்கு எட்டியது. பதுளை பஜாரில் அவள் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. வீட்டு வாசலில் இறங்கினால் நிழல், ஏறினால் வேன்.

விஷயம் சின்னது. வயிற்றில் குடலிறக்கத்தைச் சரிசெய்த பிறகு தையல் போட இரண்டு வழி. வழக்கமான அகலத் தையல். நெருக்கி நெருக்கிப் போடும் சின்னத் தையல். எது நல்லது என்று டொக்டர்மாருக்கே தெரியாது. அதை அறியத்தான் ஆய்வு. யாருக்கு எது என்று கொம்பியூட்டர் சொல்லும். ஆய்வில் சேராவிட்டாலும் ஒபரேஷன் உண்டு.

நான் இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். ஷாமினி படம் பிடிக்கும் அன்று கடையிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பு கொண்டுவந்து, அதற்குள் கையை விட்டு ஒரு சீட்டு எடுத்துக் காட்டியிருக்கிறாள். சிரித்துக்கொண்டே. "இப்படித்தான் கொம்பியூட்டரும் உங்களுக்கு ஒன்றை எடுத்துத் தரும்."

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தனிவீடு கொடுத்தது சொம்பில் சீட்டுப் போட்டு. பன்னிரண்டு வீடு, ஐம்பத்தாறு குடும்பம். அம்மாவுக்கு வெறும் சீட்டு. இன்னும் லயத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறோம். எந்தத் தோட்டத்து ஆளும் அந்தச் சொம்பைப் பார்த்தால் ஒன்றுதான் நினைப்பார்கள்: ஒன்று வீடு, மற்றது வெறும் சீட்டு.

பார்த்த நிமிடமே தெரிந்தது எனக்கு.

ஷாமினி என் பக்கத்தில் வந்து, எப்படி இருக்கிறது, எதையாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டாள். நல்லாயிருக்கு என்றேன்.

இங்கே பொய் எழுதி என்ன பயன். அந்த வீடியோ கவிழட்டும் என்றுதான் சொன்னேன்.

ஜூன் 9, செவ்வாய்

மறக்காமல்: அம்மாவின் பிரஷர் மாத்திரை. செருப்பு தைக்க.

ஷாமினியிடம் எனக்குப் பிடிக்காதவை: அவள் 'தோட்டத்து மக்கள்' என்று சொல்லும்போது குரலில் சேரும் தேன். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்ததும் எனக்கு நீட்டுவது. அவள் கையெழுத்து. நல்லவளாகவும் இருப்பது.

இன்று ஐந்து பேருக்கு வீடியோ காட்டினோம். டெப்லெட்டைக் கையில் கொடுத்ததும், இது டிவியில் வரும் பிள்ளையா என்று கேட்கிறார்கள். பக்கத்தில் அவளே நிற்கிறாள். கையைப் பிடித்துப் பார்க்கிறார்கள்.

கடைசியாக வந்தவள் பாக்கியம். பசறைப் பக்கத்துத் தோட்டம், நாற்பத்தெட்டு வயது, கொழுந்து எடுப்பவள். இரண்டாவது சிசேரியனுக்குப் பிறகு வந்த வீக்கம், சாக்குச் சுமந்து சுமந்து இப்போது தேங்காய் அளவு. போன மாதம் குடல் அதற்குள் சிக்கி ஒரு நாள் முழுக்க வாந்தி. இன்னொரு தடவை சிக்கினால் குடல் அழுகிவிடும், ஆள் தப்புவது கஷ்டம் என்று சேர் சொல்லியிருக்கிறார். வியாழன் ஒபரேஷன்.

வீடியோவை இரண்டு தடவை பார்த்தாள். பிறகு என் வேலை, விளங்கியதா என்று பார்ப்பது. மூன்று கேள்வி.

யார் தீர்மானிப்பது? "கொம்பியூட்டருங்க."
வேண்டாம் என்று விலகலாமா? "வெலகலாங்க."
எந்தத் தையல் நல்லது? "புதுசுங்க. எனக்கு அதான் விழணும்னு நேந்திருக்கேன்."

பிழையாகச் சொன்னால் மறுபடி விளக்க வேண்டும் என்று படிவத்திலேயே இருக்கிறது. விளக்கவில்லை. என் நோட்டில் குறித்துக்கொண்டேன். ஐந்தில் நாலு பேர் 'புதுசு'. இன்னும் கொஞ்சம் சேரட்டும், கூட்டத்தில் சேருக்கு முன்னால் வைக்கலாம். ஷாமினியும் இருக்கும்போது.

பாக்கியம் கையெழுத்து வைத்தாள். சரிங்க, சரிங்க என்றுகொண்டே. காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி எந்த மலைக்குப் போகச் சொன்னாலும் இதே சரிங்க. என் அம்மாவும் இப்படித்தான்.

ஜூன் 11, வியாழன்

காலை ஏழு மணி. கொம்பியூட்டர் பாக்கியத்துக்கு வழக்கமான தையல் என்றது. சொன்னேன். தலையாட்டினாள். டீ குடிக்காமல் வெறும் வயிற்றோடு இருந்தவள், மெதுவாக எழுந்து ஆஸ்பத்திரி உடுப்பைக் கழற்றி மடித்துக் கட்டிலில் வைத்தாள்.

"எனக்கு என்னைக்கு விழுந்திருக்கு மிஸ். வீடும் விழல, இதும் விழல."

நர்ஸ் கத்தினார். ஏச்சு சிங்களத்தில், பாதி அவளுக்கு விளங்கவில்லை, விளங்கிய பாதி உதவவில்லை. கூட வந்த மகள் அழுதாள். பாக்கியம் தானே டிக்கட்டை வெட்டி வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். தோற்றவர்களுக்குப் போடும் தையல் வேண்டாமாம்.

ஷாமினி படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம். கொஞ்ச நேரந்தான், ஆனால் சந்தோஷம்.

அப்புறம் அந்த மடித்த உடுப்பு. கட்டிலில் அப்படியே கிடந்தது. விளிம்போடு விளிம்பு சரியாக வைத்து மடித்திருந்தாள். நோட்டில் நேற்று வந்தவர்களையும் சேர்த்து, அவளைத் தவிர, இதுவரை ஒன்பது பேர். ஒன்பது பேரும் இதையே நம்பிக்கொண்டு வீட்டில் காத்திருக்கிறார்கள்.

இன்றைக்கு அவளுக்குக் குடல் சிக்கிக்கொண்டால்?

ஜூன் 12, வெள்ளி

பாக்கியத்தின் தோட்டத்துக்கு நான் தனியாகப் போகத்தான் இருந்தேன். ஷாமினி அப்பாவின் வேனோடு வந்துவிட்டாள். சண்டை பிடிக்க நேரமில்லை. கடைசிப் பகுதிக்கு வேன் ஏறவில்லை, நடந்தோம். வெள்ளைச் சப்பாத்து போட்டிருந்தாள், ஏறி முடிக்கும்போது புழுதி நிறம். திருப்தி.

லயத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஓடிப்போய் ஒரு கதிரை எடுத்துவந்து ஷாமினிக்குப் போட்டாள். பிஸ்கட் தட்டும் முதலில் அவளுக்கு. எனக்கு வாசற்படி. "நீ நம்ம புள்ளதானே, குந்து."

பாக்கியம் உள்ளே படுத்திருந்தவள் எழுந்து வந்தாள். வாந்தி இல்லையாம். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஷாமினிதான் ஆரம்பித்தாள். இரண்டு தையலும் ஒரே மாதிரித்தான் அம்மா, பயப்பட வேண்டாம் என்றாள்.

"ஒரே மாதிரின்னா எதுக்கும்மா சொம்புல போட்டு எடுத்தீங்க?"

ஷாமினி என்னைப் பார்த்தாள்.

சொன்னேன். அந்தச் சொம்பு பிழை. எங்கள் தோட்டத்திலும் வீட்டுக்குச் சீட்டுப் போட்டார்கள், அதனால் பார்த்ததுமே எனக்குத் தெரியும், யாரிடமும் சொல்லவில்லை.

"தெரிஞ்சேவா உட்ட?"

"ஆமாக்கா."

"எதுக்கு?"

பாக்கியம் ஷாமினி உட்கார்ந்திருந்த கதிரையைப் பார்த்தாள். வாசற்படியில் இருந்த என்னைப் பார்த்தாள். ம் என்றாள்.

பிறகு ஆறுதலாகச் சொன்னேன். புதுசுதான் நல்லது என்று தெரிந்தால் எல்லோருக்கும் அதையே போட்டுவிடுவார்கள், பிரித்துப் போட மாட்டார்கள். தெரியாததால்தான் பிரிக்கிறார்கள். வழக்கமான தையல் இத்தனை வருடமாக எல்லோருக்கும் போடுவது. சேரின் சொந்தக்காரர் வந்தாலும் அதுதான்.

"டொக்டருக்கே தெரியாதா?"

"தெரியாது."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தெரியாதுன்னு சொல்ற பெரிய மனுசன நான் பாத்ததே இல்ல புள்ள. அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

வீடியோவில் அந்த வரி இருக்கிறது. மூன்றாவது நிமிடத்தில், சொம்புக்குப் பிறகு. அதற்குள் எல்லோரும் மனதில் சீட்டு எடுத்து முடித்துவிடுகிறார்கள்.

மூன்று கேள்வியையும் திரும்பக் கேட்டேன். மூன்றும் சரி. இதுவரை எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொன்ன இரண்டாவது ஆள். பிறகு சொன்னாள்:

"ஒபரேசனுக்கு வாறேன். ஆனா ஒங்க ஆய்வுல என்னய சேக்காதீங்க. தெரியாதத வேற யாருகிட்டயாச்சும் பாத்துக்கட்டும். எனக்குப் பழசே போதும்."

ஷாமினி என்னவோ சொல்லப் போனாள். அவள் கையைத் தொட்டு நிறுத்தினேன். வீடியோ சரியாக இருந்திருந்தாலும் பாக்கியம் இதைத்தான் சொல்லியிருப்பாள். விளங்கினால் வேண்டாம் என்றும் சொல்லலாம். அதற்கும் சேர்த்துத்தான் விளக்குவது.

வேனில் பாதி வழி வந்தோம். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஷாமினி: "நான் கேட்டப்ப சொல்லியிருந்தீங்கன்னா அன்னைக்கே மாத்தியிருப்பேன்."

அழவில்லை. ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 15, திங்கள்

காற்று நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாட்டு ஜன்னல் ஒன்று இரவே உடைந்து, அட்டை வைத்து மூடியிருக்கிறார்கள்.

எட்டு மணிக்குக் கூட்டம். சொம்பு தன்னுடைய யோசனை, தன் பிழை மட்டும்தான் என்று ஷாமினி சேரிடம் சொல்லிவிட்டாள். என் பெயரையே எடுக்கவில்லை. இதிலும் மேலே ஏறி நிற்கிறாள். பொறாமைப்பட இன்னொன்று.

எழுந்து நின்று நானும் சொன்னேன். தெரியும், மறைத்தேன். நோட்டை மேசையில் வைத்தேன். சேர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒன்பது பேரையும் திரும்பக் கூப்பிட்டு விளக்கும் வரை நான் வேறு வேலை பார்க்கக் கூடாது என்றார். புது வீடியோ: 'எங்களுக்குத் தெரியாது' முதல் வரி. பேசுவது ஷாமினிதான். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பேசுகிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

போனில் பிடித்தது மூன்று பேரை. ஒருவருக்குச் சிக்னல் இல்லை, தோட்ட ஒபிசில் சொல்லிவைத்தேன்.

பாக்கியத்தின் ஒபரேஷன் பத்தரைக்கு. வழக்கமான தையல். ஆய்வுக்கு வெளியே.

மூன்று மணிக்கு வாட்டுக்குப் போனேன். கண் விழித்திருந்தாள். தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றார்கள், பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தாள்.

"அந்த செவத்த புள்ள வரலியா?"

கீழே போய் ஷாமினியைக் கூப்பிட்டேன்.