வாத்துப்படையில் ஒரு லீவு விண்ணப்பம்

ஜூன் 8, ஞாயிறு

குன்னூரில் பெண் பார்த்தோம். பெயர் மனிஷா. பக்கத்து ஊர் வெலிங்டனில் ராணுவ அலுவலகம் ஒன்றில் சிவிலியன் கிளார்க். அப்பா குமாரசாமி ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். போன வருடம் பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கை விளங்குவதில்லை. பஜ்ஜி நன்றாக இருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பெண்ணைச் சொல்கிறேன்.

தனியாகப் பேச விட்டபோது பொழுதுபோக்கு என்ன என்று கேட்டாள். கருங்கோட்டை என்றேன். ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் ஆன்லைன் சண்டை. “வைர ரேங்க்ல இருக்கனுங்க” என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

“நானும் ஆடுவனுங்க. வாத்துப்படை,” என்றாள்.

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

“ஒரு வாரம் உங்க கேமுக்கு நான் வர்றனுங்க. அடுத்த வாரம் என் கேமுக்கு நீங்க வாங்க. அப்புறம் பதில் சொல்றனுங்க.”

ஜாதகம் பொருந்தியாயிற்று. இது ஒன்றுதான் பாக்கி. அம்மாவிடம், யோசித்துச் சொல்வார்களாம் என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 9, திங்கள்

கருங்கோட்டை அவள் போனில் இறங்க நாலு மணி நேரம் ஆனதாம். மழை, டவர் சரியில்லை. நல்ல பொருளுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

நடுநிலையாக ஒப்பிடுவோம் என்று வாத்துப்படையையும் இறக்கினேன். இரண்டே நிமிடம். அதுவே சந்தேகமாக இருந்தது. கருங்கோட்டையில் மழை பெய்தால் கவசத்தில் துளி வழிவது வரை தெரியும். இங்கே வாத்து நடந்தால் கால் தரையில் படுவதில்லை. ஒரு வாத்து பாதி உடம்போடு சுவருக்குள் சிக்கி நிற்கிறது, யாரும் கவலைப்படவில்லை. செத்த வாத்து தொப்பியை மட்டும் விட்டுவிட்டு மேலே போகிறது.

மெருகு: கருங்கோட்டைக்குப் பத்து. வாத்துக்கு இரண்டு. அந்த இரண்டும் தொப்பிக்காக.

ஜூன் 12, வியாழன்

மனிஷாவை எங்கள் குழுவில் சேர்த்தேன். தலைவன் கிருத்திக், கோயம்புத்தூர்க்காரன். நேரில் பார்த்ததில்லை, மூன்று வருடப் பழக்கம். அவள் நகரவே நேரம் எடுத்துக்கொண்டாள். வாளை உருவுவதற்குள் அரை நிமிடம். தோற்றோம்.

“யார்றா இது? கை இருக்குதா இல்லையா?” என்று கிருத்திக் மைக்கில் கத்தினான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

நான் என் மைக்கை அணைத்துவிட்டேன். கருங்கோட்டையில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள், அது அங்கே ஒரு பாணி. போன மாதம் நானே திருப்பூர்ப் பையன் ஒருவனை அழ வைத்தேன். எழுதிப் பார்த்தால் பெருமையாக இல்லை.

ஜூன் 13, வெள்ளி

போன் செய்தாள்.

“ஒத்தக் கையிலதானுங்க ஆடுனேன். அப்பாவால முடியுமான்னு பாத்தேன். வாத்துப்படையில அதுக்குன்னு செட்டிங் இருக்குதுங்க, அவரு தினமும் ஆடுறாரு. உங்க கேமுல அது இல்லீங்க.”

சாரி சொன்னேன். கிருத்திக் கொஞ்சம் கோபக்காரன் என்றும் சொன்னேன்.

“அவரு பேசுனது கெடக்குதுங்க. நீங்க ஏனுங்க மைக்கை ஆஃப் பண்ணுனீங்க?”

டவர் இல்லை என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. இன்று நான் வேலை பார்க்கும் ஃபேக்டரி ஆபீசில் ஒரே கடிதத்துக்கு மூன்று தடவை சீல் வைத்தேன்.

ஜூன் 14, சனி

வேண்டாம் என்று சொன்னால் அது நியாயம்தான். ஆனால் சொல்லக் கூடாது, முருகா.

ஜூன் 16, திங்கள்

என் வாரம். மதிய இடைவேளையில் வாத்தானேன். குழுவில் மனிஷா, அவள் அப்பா, கூடலூர் போகும் வழியில் நடுவட்டம் என்ற ஊரில் டீக்கடை வைத்திருக்கும் தெய்வம்மா. பதினோரு விநாடியில் செத்தேன். வைர ரேங்க்!

“பரவால்லீங்க தம்பி. மொத மாசம் பூரா நான் செத்துட்டேதான் இருந்தேன்,” என்றார் தெய்வம்மா.

இரண்டாவது ஆட்டம் சூடு பிடித்தபோது ஃபேக்டரி சங்கு ஊதிவிட்டது. கருங்கோட்டையில் பாதியில் போனால் மூன்று நாள் தடை, வசவு தனி. பயத்தில், ஒன்பது வருடமாக ஆபீசில் எழுதும் வாசகத்தை விரல் தானாகத் தட்டிவிட்டது: “ஐயா, ஃபேக்டரி சங்கு ஊதிவிட்டபடியால், மீதி ஆட்டத்துக்கு எனக்கு லீவு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. ஐயோ!

குமாரசாமி: “அனுமதி வழங்கப்பட்டது.” தெய்வம்மா: “மெடிக்கல் சர்டிபிகேட் எங்கீங்க?” எதிரணி வாத்து ஒன்று சல்யூட் அடித்தது.

ஜூன் 18, புதன்

இப்போது எல்லாரும் லீவு லெட்டர் எழுதுகிறார்கள். தெய்வம்மா இன்று: “கூடலூர் பஸ் வந்துவிட்டபடியால் அரை மணி நேரம் பர்மிஷன்.”

ஜூன் 20, வெள்ளி

கருங்கோட்டையில் ரேங்க் சுற்று. கிருத்திக் கூப்பிட்டான், போனேன். வெட்கம்தான், ஆனாலும் மூன்று வருட உழைப்பு. புதிதாக வந்த ஒருவன் தடுமாறினான். கிருத்திக் ஆரம்பித்தான். என் விரல் மைக் பொத்தான் வரை போயிற்று.

அணைக்கவில்லை. “சொல்லிக் குடுங்க கிருத்திக். நாமளும் இப்படித்தானுங்க ஆரம்பிச்சோம்.” அவனுக்கு எதற்கு அத்தனை மரியாதை? பயந்தால் எனக்கு அப்படி வரும்.

குழுவிலிருந்து தூக்கிவிட்டான். வைரம் போச்சு. தலையணையை நாலு குத்து குத்தினேன்.

மனிஷாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மார்க் கேட்பது போல இருக்கும்.

ஜூன் 22, ஞாயிறு

கடைசி ஆட்டம். குமாரசாமியின் வாத்து என்னைக் காப்பாற்றப் போய்த் தான் செத்தது. தொப்பியை எனக்கு விட்டுப் போனார். ஆட்டம் முடிந்து செத்த வாத்துகளும் எழுந்து நின்றதும் முறைப்படி எழுதினேன்: “ஐயா, எனக்கு ஒதுக்கப்பட்ட ஒரு வாரம் இன்றுடன் முடிவடைவதால், படையிலிருந்து என்னை விடுவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

மூன்று வாத்துகளும் அசையாமல் நின்றன. டவருக்காக ஜன்னல் வரை போனேன்; வெளியே வெறும் மூடுபனி.

அப்புறம் மனிஷாவின் வாத்து முன்னால் வந்தது.

“லீவு இல்லீங்க. இனி எப்பவுமே இல்லீங்க.”

அதன் கீழேயே குமாரசாமி: “அம்மாகிட்டச் சொல்லிருங்க மாப்ள. தேதி பாக்கலாம்.”

ஏன்டா இப்படிக் கத்துற என்று அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.

வாத்து இன்னும் கால் தரையில் படாமல்தான் நடக்கிறது. மெருகுக்கு இரண்டு மார்க்தான், அதில் மாற்றமில்லை.