நான் எடுத்த பூட்டு

அப்பாவுக்கு, டப்ளினிலிருந்து அருண்பாண்டி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

ஐந்தருவியில் பந்தோபஸ்து நிற்கும்போது, “குளிச்சவன் வெளிய வந்தாத்தாம்லே அடுத்தவன் உள்ள போவணும்” என்று சத்தம் போடுவீர்களே. எங்கள் மென்பொருளில், எந்தக் கணினியை நம்பலாம் என்று காட்டும் சான்றிதழ்களின் பட்டியலுக்கும் அப்படியொரு பூட்டு உண்டு. மென்பொருளின் ஒரு பகுதி பட்டியலைத் திருத்தினால் மற்றப் பகுதிகள் காத்திருக்கும். வேகம் கூடட்டும் என்று நான் அதை எடுத்துவிட்டேன். ஒன்று அழித்துக்கொண்டிருந்ததை இன்னொன்று படிக்கப்போய், திங்களன்று எல்லாம் நின்றுவிட்டது. பயப்படாதீர்கள், சரிசெய்தாயிற்று.

ஆனால் பழி, அன்று மென்பொருளில் அதே இடத்தில் கைவைத்த, என்னோடு வேலைபார்க்கும் மரேக் மேல் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவனும் தன் தப்பென்றே நம்பி, நேற்று என்னிடம் மன்னிப்புக் கேட்டான். “பரவாயில்லை” என்றேன், அப்பா.

பஸ் வந்துவிட்டது. அம்மாவிடம் எலுமிச்சை ஊறுகாய் இரண்டு பாட்டில் அனுப்பச் சொல்லுங்கள். ஒன்று மரேக்குக்கு. வெறுங்கையோடு போய் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அருண்பாண்டி