நான் வாசிக்காமல் விட்ட வரி

விங்க்ளர், மனிடோபா, கனடா
செப்டம்பர் 28

அன்பு மகள் லோர்னாவுக்கு,

போன புதன்கிழமை சர்ச் தையல் கூட்டத்துக்கு வந்தவர்கள் நான், எதிர்வீட்டு அகாத்தா, டீனா, போதகரின் மனைவி லோயிஸ், ஆக நாலே பேர், கூட்டக் குறிப்பேட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். கர்த்தர் கிருபையால் நான் சுகம், அந்தத் தூர ஊரில் உன்னையும் அவர் சுகமாக வைத்திருப்பார் என்று நம்புகிறேன். உன் அப்பா போன பிறகு உன் கடிதத்தை யாருக்கு வாசித்துக் காட்டுவேன், அதனால் அங்கே கொண்டுபோனேன். இருட்டில் நம் மூளை சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனை உன் ஆய்வுக்கூடத்தில் சேர்த்ததும் மார்புப் புற்றுநோய்ச் செல்கள் வளர்வது மந்தமானது என்று எழுதியிருந்தாயே, அகராதி பார்த்துப் புரிந்துகொண்டு போய் அதை இரண்டு தடவை வாசித்தேன். டீனா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் ஹெல்கா, உன் மக டாக்டருங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிடுவா போலிருக்கே" என்றாள். எல்லாரும் சிரித்தோம், அகாத்தா மட்டும் சிரிக்கவில்லை. இதெல்லாம் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில்தான், மனுஷருக்குப் பலிக்குமா என்று இன்னும் தெரியாது என்று நீ அடுத்து எழுதிய வரியை நான் வாசிக்கவில்லை. கண்ணில் படாமல் இல்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள், அது இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

அகாத்தாவுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. அடுத்த மாதம் இருபதாம் தேதி வின்னிபெக்கில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். சனிக்கிழமை அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இருட்டே குணமாக்கிவிடும் என்று ஜன்னல்களில் எல்லாம் கனத்த போர்வையை மாட்டி, சாயங்காலமே விளக்கை அணைத்துப் படுத்துவிடுகிறாள். ராத்திரியில் என் ஜன்னலிலிருந்து தெரியும் ஒரே வெளிச்சம் அவள் சமையலறை விளக்குதான், இப்போது அதுவும் இல்லை. கடிதத்தோடு ஓடி, விட்ட வரியைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். "படிச்சவங்க எப்பவும் அப்படி ஒரு வரி சேர்ப்பாங்கடி, எனக்காகத்தான் கர்த்தர் அதை உன் வாயில வராம நிறுத்தினார்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். என் பெருமையைக் கர்த்தர் தலையில் போடுகிறாள் லோர்னா, எனக்கு ஜெபமே வரவில்லை.

பன்னிரண்டாம் தேதிக்குள் சம்மதம் சொன்னால் அதே நாள் கிடைக்குமாம், லோயிஸ் விசாரித்தாள். அகாத்தாவுக்குக் காது மந்தம், போன் உதவாது. உன் கண்ணாடித் தட்டில் நடந்தது என்ன, நடக்காதது என்ன என்று அவளுக்கே உன் கையால் எழுது. உன் அம்மா எதற்காக மறைத்தாள் என்பதையும் எழுது. வேலை மும்முரத்தில் சாப்பாட்டை விடாதே. கர்த்தருடைய கை உன்மேல் இருக்கட்டும். தயவுசெய்து இன்றே பதில் எழுதித் தபாலில் போடு.

உன் அம்மா,
ஹெல்கா